'டூ' (too) என்பதற்கு 'ரொம்ப' சரியா?

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். 'வெரி', 'டூ' இரண்டுக்குமே 'ரொம்ப' என்றுதான் இதுவரை பொருள் சொல்லி வந்தேன். நேற்று அவள் 'திஸ் டிரஸ் இஸ் டூ பியூட்டிஃபுல்' என்று எழுதியபோதுதான் என் தவறு புரிந்தது.

'தி டீ இஸ் வெரி ஹாட்' என்றால் நல்ல சூடு, ஊதிக் குடிக்கலாம். 'டூ ஹாட் டு டிரிங்க்' என்றால் குடிக்கவே முடியாத சூடு. 'நாட்' இல்லாமலேயே 'முடியாது' என்ற பொருள் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 'குடிக்க முடியாத அளவுக்கு' என்று விளக்கியதும் பிடித்துக்கொண்டாள்.

சரி, அடுத்ததுதான் சிக்கல். 'ஐ ஆம் ஒன்லி டூ ஹாப்பி டு ஹெல்ப்' என்றால் மிக்க மகிழ்ச்சியோடு உதவுவேன் என்று அர்த்தம். அங்கே 'முடியாது' இல்லை. 'நாட் டூ பேட்' என்றால் பரவாயில்லை. இப்போதுதான் ஒரு விதியைப் புரிந்துகொண்ட பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

ஆங்கிலம் கற்பிப்பவர்கள் இருந்தால் உதவுங்கள். 'அளவுக்கு மீறி', 'தேவைக்கு மேல்' இவற்றில் எது பிள்ளைகள் மனதில் எளிதாகப் பதிகிறது? வகுப்பில் நீங்கள் சொல்லும் எடுத்துக்காட்டுகளையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அவளுக்குத் தேர்வு.