கோல்ஃப்ல 12வது ஹோல் தாண்டுனா மனசு வயலுக்குப் போயிடுது, 18 வரைக்கும் எப்படி புடிச்சு வைக்கிறது?

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் மன்னார்குடி பக்கம். சிங்கப்பூர்ல 11 வருஷம் வேலை பாத்தப்போ கூட இருந்தவங்க இழுத்துட்டுப் போயி கோல்ஃப் பழக்கி விட்டுட்டாங்க, ஊருக்குத் திரும்பி வந்து விவசாயம் பாக்க ஆரம்பிச்சும் அதை விட முடியல. எங்க ஊர்ல ஆட இடம் இல்ல, அதனால ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் நாலு பேரா சேந்து கார் எடுத்துக்கிட்டு கொடைக்கானல் போயிடுவோம்.

பிரச்சனை என்னன்னா மொத 9 ஹோல் நல்லாத்தான் ஆடுறேன். போன தடவை மொத பாதி 44 ஷாட்டு, கோல்ஃப்ல கம்மியா அடிச்சு முடிக்கிறதுதான் நல்லது, எனக்கு அதுவே பெருசு. ரெண்டாவது பாதி 56! 12வது ஹோல்ல ரெண்டடி தூரத்துல கெடந்த பட்டை (பந்தைக் குழிக்குள்ள தட்டி விடுற ஷாட்டு) விட்டேங்க, கொழந்தை கூட தட்டி விடும் அதை. அவ்வளவுதான், 13ல மொத ஷாட்டுக்கு டீ குச்சி மேல பந்தை வச்சிட்டு நிக்கிறேன், கண்ணு முன்னாடி அந்த ரெண்டடிதான் நிக்கிது, டிரைவரை (தூரமா அடிக்கிற கிளப்பு, அதாவது கோல்ஃப் மட்டை) சுத்துனா பந்து வலது பக்கம் மரத்துக்குள்ள. 15க்கு வர்றப்போ இன்னும் மோசம், ஜூன் 12க்கு மேட்டூர் திறப்பாங்களா, போர் தண்ணிய நம்பி நாத்து விடலாமா, டிராக்டர்காரருக்கு எவ்வளவு பாக்கின்னு கையில கிளப்பைப் புடிச்சிக்கிட்டே ஊருக்கு வந்துர்றேன்.

இத்தனைக்கும் நாலரை மணி நேரமும் கவனமா இருக்கணும்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுதான் ஆடுறேன், கூட வந்தவங்ககிட்ட பேசுறது கூட இல்ல. கடைசியில தலைவலிதான் மிச்சம். இதுக்கு என்ன வழி, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, தயவு பண்ணி தியானம் பண்ணுங்கன்னு மட்டும் ஒரு வரியில முடிச்சிடாதீங்க.

அரசலாறு77:

தம்பி, உங்க வியாதி என்னன்னு நீங்களே கடைசியில எழுதிட்டீங்க, அந்த பல்லைக் கடிக்கிறதுதான். நான் கும்பகோணம், சென்னையில வேலையில இருந்தப்போ பதினஞ்சு வருஷம் ஆடுனவன், எனக்கும் இதே கதைதான் ரொம்ப நாளா.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நீங்க அடிச்சது 100. ஒரு ஷாட்டை 40 செகண்டுக்குள்ள அடிச்சிடணும்னு 2019ல மாத்துன ரூல்ஸ்லயே பரிந்துரை இருக்கு. 100 தரம் 40 செகண்டுன்னா 4000 செகண்டு, ஒரு மணி ஏழு நிமிஷம் கூட வரல. மிச்சம் மூணே கால் மணி நேரத்துக்கு மேல வெறும் நடைதான், பந்தைத் தேடுறது, அடுத்தவங்க அடிக்கிறதைப் பாத்துக்கிட்டு நிக்கிறது. அந்த மூணே கால் மணி நேரமும் நீங்க வில்லுல நாணை இழுத்துப் புடிச்சபடியே நின்னா 12வது ஹோல்ல கை தளராம என்ன செய்யும்? கவனம் சிதறலன்னு நினைக்கிறேன் உங்களுக்கு, தீந்து போயிடுது.

அதனால ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவுல கவனத்தை வேணும்னே எறக்கி வைக்கணும். பேசுங்க, மரத்தைப் பாருங்க, கொடைக்கானல்ல அவ்வளவு அழகு இருக்கு, 1895ல ஆரம்பிச்ச கோல்ஃப் சங்கம் அது, அதை விட்டுட்டு தரையைப் பாத்துக்கிட்டு நடந்தா எப்படி. பந்து கிட்ட வந்தப்புறம் திரும்ப தூக்குங்க. தூக்குறதுக்கு ஒரு அடையாளம் வேணும். எனக்கு அது கையுறை. ஷாட் முடிஞ்சதும் அந்த ஒட்டுற பட்டியை பர்ருன்னு பிரிச்சி விட்டுருவேன், அதோட அந்த ஷாட்டு போச்சு. அடுத்த பந்து கிட்ட போயி தூரம், காத்து, எந்த கிளப்பு எல்லாம் முடிவு பண்ணினப்புறம் பந்துக்குப் பின்னாடி நின்னு பட்டியை இழுத்து ஒட்டுவேன், ஒட்டிட்டேன்னா கடை திறந்தாச்சு. அப்புறம் யோசனையே கிடையாது, எங்க விழணும்னு ஒரு இடத்தைப் பாக்குறது, ஒரு மூச்சை நீளமா விடுறது, போய் நிக்கிறது, அடிக்கிறது. நின்னப்புறம் 7ம் நம்பர் அயர்ன் மட்டையா 6ம் நம்பரான்னு சந்தேகம் வந்தா கூச்சப்படாம விலகி வந்து பட்டியைப் பிரிச்சி திரும்ப மொதல்லேர்ந்து.

தவுல்சத்தம்:

நான் கோல்ஃப் ஆடுனதே இல்லீங்க, டிவியில பாத்ததோட சரி, ஆனா அரசலாறு ஐயா எழுதுனதைப் படிச்சதும் எங்க தொழில்தான் ஞாபகம் வந்துச்சு அதான் எழுதுறேன். திருவாரூர் பக்கம், மூணு தலைமுறையா தவுல்.

கோயில்ல சாமி பொறப்பாடுன்னா ராத்திரி ஆரம்பிச்சி விடியக்காலை வரைக்கும் போகும். நாயனக்காரர் ஒரு வீதி முனையில நின்னு ராகத்தை எடுத்தாருன்னா அது எவ்வளவு நேரம்னு அவருக்கே தெரியாது. அந்த நேரத்துல எங்க அப்பா குச்சியை தவுலோட இடது பக்கத் தொப்பி மேல சாய்ச்சு வச்சிட்டு வெத்தலையை மடிச்சிக்கிட்டு இருப்பாரு, யாராவது தெரிஞ்சவங்க வந்தா தலையாட்டுவாரு. பாக்குறவங்களுக்கு அவரு ஏதோ வேடிக்கை பாக்குற மாதிரி இருக்கும். நாயனத்துல பாட்டு எடுக்கப் போற அறிகுறி தெரிஞ்சதும் வலது கை விரல்ல மாட்டுன கூட்டை ஒவ்வொண்ணா கட்டைவிரலால அழுத்திப் பாப்பாரு. அவ்வளவுதான் சார், அந்த அழுத்துனது முடிஞ்சா அவரு வேற ஆளு, பக்கத்துல வெடி வெடிச்சாலும் திரும்ப மாட்டாரு. ஐயா சொன்ன கையுறைப் பட்டியும் எங்க விரல் கூடும் ஒண்ணுதான்னு எனக்குப் படுது.

சின்னப் பையனா இருக்கப்போ நான் ராகத்துக்கும் சேத்து தாளத்தை மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பேன், தப்பிடக் கூடாதேன்னு பயம். ரெண்டு மணிக்கெல்லாம் கண்ணு சொருகிடும், தனி வாசிக்கிறப்போ கோர்வை (முடிக்கிற தாளக் கட்டு) எடத்துக்கு வராம முட்டிக்கிட்டு நிப்பேன். அப்பா ஒருநாளும் கவனமா இருடான்னு சொன்னதில்ல, இப்ப சும்மா இருன்னுதான் சொல்லுவாரு.

பொன்னி_தஞ்சை:

அண்ணா, இவங்க ரெண்டு பேரும் சொன்னது அருமை, ஆனா யாரும் கேக்காத ஒண்ணை நான் கேக்குறேன். மன்னார்குடியிலேர்ந்து எத்தனை மணிக்குக் கெளம்புறீங்க? தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு, அப்புறம் அந்த மலை ஏத்தம், ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்பி காலையில நேரா ஆட எறங்குறீங்கன்னா 12வது ஹோல்ல வர்றது மனசுப் பிரச்சனையே இல்ல, தூக்கம். மொத நாளே போயி தங்கிடுங்க.

அடுத்தது சாப்பாடு. எங்க வீட்டுக்காரரு இப்படித்தான், போற வழியில ரெண்டு பிளேட் பொங்கல், வடை, டிகிரி காபி, அப்புறம் ஆட்டம் முடியிற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. மூணு மணி நேரம் ஏத்தம் எறக்கம் நடந்தா ஒடம்புல சத்து எறங்கிடும், அப்ப மொதல்ல போறது பொறுமைதான், ரெண்டடி பட்டை யோசிக்காம தட்டி விடுறது எல்லாம் அப்பத்தான் நடக்கும். நான் பையில ரெண்டு பூவன் பழம், கடலை மிட்டாய், ஒரு பாட்டில்ல உப்பு போட்ட நீர்மோர் வச்சிருப்பேன். பசிக்கிறப்போ இல்ல, மூணு ஹோலுக்கு ஒருதரம் ரெண்டு வாய். கொடைக்கானல் 2000 மீட்டருக்கு மேல, குளுருக்கு தாகமே தெரியாது, அதனால தெரியலன்னாலும் குடிக்கணும். சுகருக்கு மாத்திரை போடுறவங்களா இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு செய்யுங்க.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 2021 ஆகஸ்ட்ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கடைசி ரவுண்டு, நம்ம இந்தியப் பொண்ணு அதிதி அசோக் கோல்ஃப் ஆடுனதை எங்க வீட்டுல காலங்காத்தால எந்திரிச்சி உக்காந்து பாத்தோம். உலக ரேங்க் 200ல இருந்த பொண்ணு, அம்மாதான் கேடி (பையைத் தூக்கிட்டு கூட வர்ற ஆளு), கொரோனா வந்து ஒடம்பு தளந்து டிரைவர் தூரமே போகல, கூட ஆடுறவங்க எல்லாம் அவளை விட எவ்வளவோ தூரம் முன்னாடி. அவ அதைப் பத்தி கவலைப்பட்ட மாதிரியே தெரியல, அவ ரெண்டாவது ஷாட், அவ பட், அதோட சரி. நாலு நாளு, 72 ஹோல். ஒரே ஒரு ஸ்ட்ரோக்குல மெடல் போச்சு, நாலாவது. எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஆனா அடுத்தவங்க எவ்வளவு தூரம் அடிச்சாங்கன்னு பாத்து மனசை விடுறதை நான் அன்னையோட நிறுத்திட்டேன்.

வெண்ணாத்தங்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பொன்னி தங்கச்சி சொன்னது உண்மைதான், ரெண்டு மணி இல்ல, ஒரு மணிக்கே கெளம்புவோம்! பொங்கலும் உண்டு. தவுல்சத்தம் அண்ணன் எழுதுனதை எங்க அப்பாருக்கு படிச்சிக் காட்டினேன், ரொம்ப சந்தோஷப்பட்டாரு.

அரசலாறு ஐயாகிட்ட ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கெட்ட ஷாட்டு ஒண்ணு அடிச்சிட்டா அது அடுத்த ஹோலுக்கும் கூடவே வருதே, கையுறையைப் பிரிச்சா மட்டும் போயிடுமா? ரெண்டாவது, ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ஆடுறவன் இதை எங்க போயி பழகுறது? வயல்ல அடிக்கலாம்னா சம்பா அறுக்குறதுக்கு முன்னாடியே உளுந்து தெளிச்சிர்றோம், கால் வைக்க முடியாது.

அரசலாறு77:

கெட்ட ஷாட்டு யாருக்கும் வர்றதுதான் தம்பி. உலகப் புகழ் பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராய் 2011 மாஸ்டர்ஸ் போட்டியில கடைசி நாள் காலையில நாலு ஷாட் முன்னாடி இருந்தாரு. 10வது ஹோல் மொத ஷாட்டை இடது பக்கம் இழுத்து அடிச்சாரு பாருங்க, வீடுங்களுக்கு நடுவுல போயிடுச்சு, நாலுல முடிக்க வேண்டிய அந்த ஹோல்ல 7. அது பரவாயில்ல, ஒரு ஹோல்தானே, ஆனா அது கூடவே வந்துச்சு, 11ல போகி (ஒரு ஷாட்டு கூடுதல்), 12ல நாலு பட், கடைசியில 80. அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே இப்படின்னா உங்களுக்கு ரெண்டடி பட்டு ஒரு பாரமா. ஆனா ரெண்டே மாசத்துல யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியை 8 ஷாட் வித்தியாசத்துல ஜெயிச்சாரு அதே மனுஷன், அந்த மாஸ்டர்ஸை ஜெயிக்கத்தான் 2025 வரைக்கும் ஆச்சு.

நான் செய்யிறதைச் சொல்றேன். கோவத்தை அடக்கவே மாட்டேன், அடக்குனா உள்ள உக்காந்துக்கும். கிரீனை (குழி இருக்கிற புல்தரை) விட்டு வெளிய வந்து பட்டரை (பட் அடிக்கிற மட்டை) பைக்குள்ள போடுற வரைக்கும் அதைத் திட்டலாம், வருத்தப்படலாம், என்ன தப்பு நடந்துச்சுன்னு ஒரே ஒரு வரியில சொல்லிக்கலாம், தலை தூக்கிட்டேன், காத்தைப் பாக்கல, அந்த மாதிரி. பட்டர் பைக்குள்ள போச்சுன்னா முடிஞ்சது. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், கார்டுல மார்க் போடுங்க, கூட்டாதீங்க. 9 முடிஞ்சு 44னு கூட்டிப் பாத்த நிமிஷத்துலேர்ந்து நீங்க 90க்குள்ள வருமான்னு ஆட ஆரம்பிச்சிட்டீங்க, என் கணக்குல உங்க ரெண்டாவது பாதி கெட்டதே அங்கதான்.

பழகுறதுக்கு வெண்ணாறு இருக்கே! இப்ப தண்ணி கெடையாது, மணல்தான், பங்கர் (மணல் குழி) ஷாட்டுக்கு அதை விட நல்ல எடம் எங்க கெடைக்கும். ஆனா வாளி நெறைய பந்தைக் கொட்டி பத்து நிமிஷத்துல அம்பதை அடிக்காதீங்க, கோர்ஸ்ல எங்கயும் அப்படி நடக்காது. ஒண்ணு அடிங்க, கையுறையைப் பிரிங்க, நூறு அடி நடந்துட்டு திரும்பி வாங்க, வேற கிளப்பு எடுங்க, வேற மரத்தைக் குறி வைங்க, பட்டியை ஒட்டுங்க, அடிங்க. ஒரு மணி நேரத்துல 20 பந்து தாண்டக் கூடாது. கை பழகுறதுக்கு இல்ல இது, எறக்கி வச்சி தூக்கிப் பழகுறதுக்கு. ஆடு மாடு மேயிற நேரம், ஆளு நடக்குற நேரத்தை விட்டுட்டுப் போங்க, கரையைத் தாண்டி அடிச்சிடாதீங்க.

வெண்ணாத்தங்கரை:

போயிட்டு வந்துட்டேங்க, சொல்லாம இருக்க முடியல. மூணு வாரம் சாயங்காலம் சாயங்காலம் ஆத்துக்குள்ள போயி ஐயா சொன்ன மாதிரியே செஞ்சேன், மொத ரெண்டு நாளு அந்த நடை பெரிய இம்சையா இருந்துச்சு, அடுத்த பந்தை எப்படா அடிப்போம்னு கை பரபரங்கும். மூணாவது வாரம் நடக்குறப்போ கரையில மேயிற ஆட்டை எண்ண ஆரம்பிச்சிட்டேன்.

இந்தத் தடவை மொத நாளே போயி தங்கிட்டோம். கார்டைக் கூட்டல, கூட வந்த நண்பரையே எழுதச் சொல்லிட்டேன். 14ல திரும்பவும் மூணு பட், பட்டரைப் பைக்குள்ள போடுறதுக்கு முன்னாடி நல்லா திட்டிக்கிட்டேன். 15ல நாத்து ஞாபகம் வந்துச்சு, வரட்டும்னு விட்டுட்டேன், பந்து கிட்ட போனதும் பட்டியை இழுத்து ஒட்டுனேன், போயிடுச்சு. ஒரு ஹோல் மட்டும் கை விட்டுப் போச்சு, 16ல 9 அடிச்சேன், அது ஏன்னு இன்னும் புரியல, பழம் சாப்புட மறந்தது அப்பதான்னு நினைக்கிறேன்.

17ல ஆரம்பிக்கிற எடத்துக்குப் போனா ஃபேர்வே (பந்தை அடிச்சு விடுற புல்வெளி) நடுவுல ஒரு காட்டெருமை படுத்துக் கெடக்கு. கேடி தம்பி யாரும் அசையாதீங்கன்னுட்டாரு. இருவது நிமிஷம் பக்கம் நின்னோம், நீர்மோரைக் குடிச்சிக்கிட்டு, இந்த வருஷம் குறுவைக்கு என்ன ரகம் போடுறதுன்னு பேசிக்கிட்டு. அது மெதுவா எந்திரிச்சி ஒருதரம் எங்களைத் திரும்பிப் பாத்துட்டு காட்டுக்குள்ள போச்சு. நான் பட்டியை ஒட்டிக்கிட்டு அடிச்சேங்க, அது படுத்துக் கெடந்த எடத்துக்கு மேலயே போயி நட்ட நடு ஃபேர்வேயில விழுந்துச்சு. ஊருக்கு வந்தப்புறம்தான் கூட்டிப் பாத்தேன், 46ம் 50ம்.