ஸ்பிரிட், பவுடர், ஒரு ஜூனியர் சொன்ன வார்த்தை

நான் நர்சிங் படித்த காலத்தில், படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்கு முதுகுப் பராமரிப்பு என்றால் ஸ்பிரிட், பவுடர், நன்றாக ஒரு தேய்ப்பு. எலும்பு துருத்தும் இடம் சிவந்திருந்தால் ரத்த ஓட்டம் வரட்டும் என்று அங்கே இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்போம். 18 வருடம் அப்படித்தான் செய்தேன்.

ஒரு நைட் டியூட்டியில், பக்கவாதம் வந்து படுத்திருந்த பெரியவரைத் திருப்பினோம். வால் எலும்புக்கு மேலே சிவந்திருந்தது. நான் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்ததும், கூட இருந்த ஜூனியர் பெண், "அக்கா, அங்கே தேய்க்க வேண்டாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் வாதம் பண்ணவில்லை. "விரலை வைத்து அழுத்திப் பாருங்கள்" என்றாள். பார்த்தேன். ஓரத்தில் தோல் வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தது. நடுவில் வெளுக்கவே இல்லை. வெளுக்காத சிவப்பு என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, தேய்த்தால் அடியில் இருக்கும் திசு இன்னும் சிதையும், ஸ்பிரிட் தோலை வறளவும் வைக்கும் என்று விளக்கினாள்.

ஒருக்களித்து 30 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்தோம். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தோம். அப்புறம் யாருக்குப் படுக்கைப் புண் வரும் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் பிரேடன் அளவுகோலைக் கற்றுக்கொடுத்தாள். 1987லேயே வெளிவந்தது அது! ஆறு அம்சங்கள், மொத்தம் 6 முதல் 23 வரை. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து அதிகம். பெரியவருக்கு 11 வந்தது. இத்தனை வருடம் இது என் கைக்கு வந்து சேரவில்லையே என்று அன்று முழுக்க மனசு வலித்தது.

*

அக்கா, எனக்கு இதே மாதிரி ரைல்ஸ் டியூபில், அதாவது மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் குழாயில் நடந்தது. காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெத் வைத்து, சத்தம் கேட்டால் டியூப் சரியான இடத்தில் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். டியூப் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கக்கூடும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். டியூப் வழியே உறிஞ்சி எடுத்த திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் எக்ஸ்ரே. இப்போது யார் அவசரப்படுத்தினாலும் அதைப் பார்க்காமல் ஃபீட் கொடுப்பதில்லை. நம் பயிற்சி வகுப்புகள் கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

*

உண்மை தம்பி. ஆனால் ஒன்று, மணிக்கணக்குப் பார்த்து நோயாளிகளைத் திருப்பிப் போட ஆள் வேண்டுமே. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்கன் குழு 2002ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தீர்களா? அறுவை சிகிச்சை நோயாளிகளில், ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகள் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியதாம். அதை அச்செடுத்து இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன். நைட்டுக்கு இன்னும் ஒரு ஆள் கேட்டு, இந்த வாரக் கூட்டத்தில் அவர் பேசப் போகிறார்.