கோல் அடிக்காத ஆட்டக்காரரின் ஹாக்கி அறிவை எப்படி எடைபோடுவது?

செங்காங் அப்பா:
என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். இணைப்பாட நடவடிக்கையாக ஹாக்கியை எடுத்து நடுக்களத்தில் ஆடுகிறாள். அணித் தேர்வுக்காகப் பயிற்சியாளர் வைத்திருக்கும் தாளில் பெயர், கோல், கோலுக்கு உதவி என மூன்றே கட்டங்கள். என் மகளுக்கு இரண்டிலும் பூஜ்யம். ஆனால் அவள் வெளியே உட்கார்ந்த கால்மணி நேரத்தில் அணி திண்டாடிப்போகிறது. கண்ணுக்குத் தெரிகிறது, எடுத்துச் சொல்லத்தான் வரவில்லை. சொன்னாலும் காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

பழைய சென்டர் ஹாஃப்:
பந்தைப் பார்க்காதீர்கள் ஐயா. ஓர் ஆட்டம் முழுவதும் மகளின் கழுத்தைப் பாருங்கள். பந்து வந்துசேர்வதற்குள் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்புகிறாள்? நான் சிங்கப்பூரின் பாலஸ்டியர் புல்தரையில் ஆடியவன். அங்கே பந்து துள்ளித் துள்ளி வரும், யோசிக்க நேரம் கிடைக்கும். இன்றைய செயற்கைத் தரையில் தண்ணீர் தெளித்திருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு வரும். அதை நிறுத்தும்போது கண் தரையில் இருக்கும். முன்கூட்டியே பார்த்து வைக்காதவள் குருடிதான்.

அடுத்து, பந்தைத் தோழியின் எந்தக் காலுக்குத் தருகிறாள் என்று கவனியுங்கள். மட்டையின் வளைந்த முதுகால் பந்தைத் தொடக்கூடாது அல்லவா? வலக்காலுக்கு வந்த பந்தை அப்படியே வாங்கிக்கொண்டு ஓடலாம். இடப்பக்கம் வந்தால் மட்டையைப் புரட்ட வேண்டும். அந்த அரை நொடியில் எதிரணிக்காரி வந்துவிடுவாள்.

1975 கோலாலம்பூர் உலகக் கிண்ண இறுதியாட்டம் என்றால் பாகிஸ்தானுக்கு எதிராக அசோக் குமார் அடித்த வெற்றி கோலைத்தான் எல்லாரும் பேசுவார்கள். அந்த இந்திய அணியின் தலைவர் அஜித் பால் சிங் ஒரு சென்டர் ஹாஃப், அதாவது நடுக்களத்தின் மையத்தில் ஆடுபவர். அவரைப் பற்றிப் பேச எங்களைப் போன்ற கிழவர்கள்தான் மிச்சம்!

பனிச்சறுக்கு ரசிகன்:
ஐஸ் ஹாக்கியில், வட அமெரிக்காவின் என்எச்எல் லீக் போட்டிகளில், ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை ‘உதவி’ எழுதுவார்கள். கடைசியாகப் பந்து தந்தவருக்கு முன்னால் தந்தவருக்கும் பங்கு உண்டு. (அங்கே பந்து இல்லை, ரப்பர் வட்டு. போகட்டும்.) அந்த ஆட்டத்தின் ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கியின் கோல்கள் 894, உதவிகள் 1,963. உங்கள் பயிற்சியாளரின் தாளில் நான்காவதாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள்.

நடுவர் வேலை பார்ப்பவள்:
கழுத்தைத் திருப்புவதில் மட்டும் மயங்கிவிடாதீர்கள். பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்த இடத்துக்கே அடிப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். இரண்டு பேர் பாய்ந்து வரும்போது மகள் தனியாக நின்றால் என்ன செய்கிறாள்? மட்டையை நீட்டி விழுகிறாளா, பின்வாங்கிக்கொண்டே அவர்களை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குகிறாளா? ஒதுக்கினால், திரும்பி ஓடிவரும் தோழிகளுக்கு நேரம் கிடைக்கும். இதற்கு எந்தத் தாளிலும் கட்டம் கிடையாது.

செங்காங் அப்பா:
சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு போனேன். பக்கத்தில் இருந்த தாய்மார்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பந்து வாங்குமுன் திரும்பிப் பார்த்தது பதினான்கு முறை, பார்க்காமல் வாங்கியது மூன்று முறை. ஓரக்கோட்டுக்கு ஒதுக்கியது இரண்டு முறை. ஒருமுறை பந்து வெளியே போய் நமக்கே கிடைத்தது. தோழியின் இடக்காலுக்கு ஒரு பந்து போனது. அதற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “வலப்பக்கம் ஆள் நின்றாளே அப்பா, நீங்கள் பார்க்கவில்லையா?” என்றாள்.