பாட்டி வீடு குழு: அத்தைக்கு அடுத்த மொழி

வெள்ளிக்கிழமை

கமலா அத்தை (இரவு 8:04): பிரெஞ்சு பி1 (இடைநிலை) தேர்வு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். கைதட்டும் படங்களை நிறுத்திவிட்டு யோசனை சொல்லுங்கள். அடுத்து எந்த மொழி? ஜப்பானியமா, கொரியமா, ஜெர்மனா? ஞாயிற்றுக்கிழமைக்குள் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும்.

மாமா (8:06): இரண்டு வருடத்தில் அந்தப் பிரெஞ்சை ஒரே ஒரு முறைதான் வெளியே எடுத்தாள். ஆர்ச்சர்ட் சாலையில் வழி கேட்டவரிடம். அவர் நன்றியை ஆங்கிலத்தில் சொன்னார்.

கமலா அத்தை (8:06): போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போனார் அல்லவா?

யாழினி (8:09): கொரியம்தான் அத்தை. அடிப்படை எழுத்து 24தான். செஜோங் மன்னர் சாதாரண மக்களும் படிக்க வேண்டும் என்றே உருவாக்கி 1446இல் வெளியிட்டது. ஒரே வார இறுதியில் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பாவேதான்!

ரவி அண்ணன் (8:11): எழுத்து ஒரு வாரம் சரி. மணி சொல்ல ஓர் எண் வரிசை, நிமிடம் சொல்ல வேறோர் எண் வரிசை என்பதை ஏன் மறைக்கிறாய்?

யாழினி (8:12): நீ படித்த ஜப்பானியத்தில் பென்சிலை எண்ண ஒரு சொல், தாளை எண்ண வேறு சொல் என்பதை நீ ஏன் மறைக்கிறாய்?

அப்பா (8:15): ஜெர்மன் பக்கமே போகாதே கமலா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு மாதம் படித்தேன். கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாலே இலக்கணம். அஃறிணை என்று ஒரே சொல்லில் முடித்து வைத்த நம் முன்னோருக்குக் கோயில் கட்ட வேண்டும்.

ரவி அண்ணன் (8:22): அத்தை, ஜப்பானியத்துக்கு என் வாதத்தைக் கேளுங்கள். “நூலகத்தில் புத்தகத்தைப் படிக்கிறேன்” என்பதை அப்படியே வரிசை மாற்றாமல் வைக்கலாம். தோஷோகான் தே, ஹோன் ஓ, யோமிமாஸு. “தே” நம் “இல்”, “ஓ” நம் “ஐ”. வினை கடைசியில். கேள்வியாக்க வேண்டுமானால் நாம் “ஆ” சேர்ப்பதுபோல் அவர்கள் “கா” சேர்ப்பார்கள். இதைவிட ஒன்று இருக்கிறது. நாம் “சாப்பிட்டுப் பார்” என்கிறோம் இல்லையா, கண்ணால் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்களும் “தாபேதே மிரு” என்கிறார்கள். மிரு என்றால் பார்! “வாங்கி வை” என்பதற்கு “காத்தே ஒகு”. ஒகு என்றால் வை. என் வகுப்பில் மற்றவர்கள் இதற்கு ஒரு வாரம் திண்டாடினார்கள், நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கமலா அத்தை (8:24): இது அநியாயத்துக்கு அழகாக இருக்கிறது.

அப்பா (8:25): காஞ்சி என்னும் சீன எழுத்துகளை எப்போது சொல்லப் போகிறாய் ரவி?

ரவி அண்ணன் (8:26): 2,136. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வெளியிட்ட பட்டியல் அவ்வளவுதான்.

மாமா (8:27): “தான்” என்கிறான். அமெரிக்கத் தூதரக அதிகாரிகளுக்கே ஜப்பானியத்துக்கு 2,200 மணி நேர வகுப்பு என்று கணக்கு. கமலாவின் வாரம் மூன்று மணி நேரத்துக்கு அது 14 வருடம்.

ரவி அண்ணன் (8:28): அது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கான கணக்கு மாமா. நமக்குப் பாதி வேலை தாய்மொழியே செய்துவிட்டது.

மாமா (8:28): சரி, 7 வருடம்.

சனிக்கிழமை

யாழினி (காலை 9:40): பாட்டி குரல் பதிவு அனுப்பச் சொன்னார். நீளமாக இருப்பதால் எழுதியே அனுப்புகிறேன். “கமலா, மலாய் ஏன் உன் பட்டியலில் இல்லை?”

கமலா அத்தை (9:43): அம்மா, மலாய் எனக்குத் தெரியும். மேலும் அது வெளிநாட்டு மொழி இல்லையே.

அப்பா (9:44): சிங்கப்பூரின் தேசிய மொழி. அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

யாழினி (9:51): பாட்டி: “உனக்குத் தெரிவது சந்தை மலாய். என் வீடு என்பதற்கு ‘சாயா பூஞ்ஞா ரூமா’ என்பாய். ‘ரூமா சாயா’ என்று சொல்ல வராது. எனக்கும் கம்போங்கில், அந்தக் காலக் கிராமத்தில், பொறுக்கியதுதான், ஆனால் நான் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில்லை. போன வருடம் எதிர்வீட்டு மக்சிக்கின் (மலாய் அம்மாவின்) கணவர் இறந்த அன்று நீ என்ன சொன்னாய்?”

யாழினி (9:58): அத்தை, பாட்டி பதிலுக்குக் காத்திருக்கிறார்.

கமலா அத்தை (10:20): ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் மலாயில் என்னென்னவோ சொல்லி அழுதார். நான் தலையாட்டிக்கொண்டு கையைப் பிடித்திருந்தேன். 22 வருடம் எதிரெதிர் வீடு. மீன் விலையும் மின்தூக்கி பழுதும் தவிர நாங்கள் எதுவும் பேசியதில்லை என்று அன்றுதான் உறைத்தது.

அப்பா (10:26): சலாம் தக்ஸியா என்று சொல்ல வேண்டும். எனக்கும் அது அலுவலகத்தில் அனுதாப அட்டையைப் பார்த்துத் தெரிந்ததுதான்.

ரவி அண்ணன் (10:31): மலாய் சுலபம் என்பதே பாதிதான் உண்மை. காலம் காட்ட வினை மாறாது, நல்லது. ஆனால் முன்னொட்டுகள் இருக்கின்றனவே. “ஆஜார்” என்று ஒரே வேர். பெலாஜார் என்பதை ஆங்கில b ஒலியில் தொடங்கினால் கற்பது, p ஒலியில் தொடங்கினால் மாணவர், மெங்ஙாஜார் கற்பிப்பது, பெங்ஙாஜார் ஆசிரியர். சந்தை மலாயில் இவை எல்லாம் உதிர்ந்துவிடும்.

கமலா அத்தை (10:33): கற்பதற்கும் மாணவருக்கும் தமிழில் ஒரே எழுத்தா? இதைத்தான் நான் இத்தனை நாள் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா (10:40): இன்னொன்று கமலா. ஆங்கிலத்தில் இல்லாத நாம், நாங்கள் வேறுபாடு மலாயில் உண்டு. கித்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். தேசிய கீதத்தில் எங்கும் கித்தாதான், காமியே கிடையாது. பத்து வருடம் பள்ளித் திடலில் நின்று பாடினேன். இதைக் கவனித்தது 50 வயதுக்கு மேல்.

மாமா (10:42): நான் வாயை மட்டும் அசைப்பேன்.

கமலா அத்தை (மாலை 6:15): சமூக மன்றத்தில் கேட்டேன். செவ்வாய் மாலை வகுப்பு, ஓர் இடம் இருந்தது. பணம் கட்டிவிட்டேன். ரவி, கோபிக்காதே. “சாப்பிட்டுப் பார்” என்னை இன்னும் விடவில்லை. அது அடுத்த வருடம்.

மாமா (6:17): நவம்பரில் ஒசாகா போகிறோமே, அங்கே யார் பேசுவது?

ரவி அண்ணன் (6:18): நன்றிக்கு ஆரிகாதோ, எவ்வளவு என்பதற்கு இகுரா, கழிவறைக்கு தொய்ரே. மீதியைக் கையால் காட்டுங்கள்.

கமலா அத்தை (6:30): நாளை மக்சிக்கிடம் சொல்லப் போகிறேன். வாரத்துக்கு அரை மணி நேரம் என் பிழைகளைத் திருத்துவாரா என்று கேட்க வேண்டும்.

யாழினி (6:36): பாட்டி: “வெறுங்கையோடு போகாதே. நம் வீட்டில் சமைத்ததும் வேண்டாம், அவர் சங்கடப்படுவார். தேக்கா சந்தையில் நல்ல மாம்பழம் வந்திருக்கிறது, வாங்கிப் போ. மெம்பலாம் என்று சொல். நம்மிடமிருந்து போன சொல்தான், அதையாவது தப்பில்லாமல் சொல்வாய்.”