வேற ஃப்ரீமேசன் லாட்ஜுக்கு (ஃப்ரீமேசன்ங்கற சகோதர சங்கத்தோட கிளைக்கு) விருந்தாளியா போறது எப்படி?

கெடிலக்கரை: கடலூர். ஃப்ரீமேசன்ல ரெண்டாம் டிகிரி (மூணு படிகள்ல ரெண்டாவது) முடிஞ்சது. எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹால்ல ஒரு லாட்ஜ் கூட்டத்துக்குப் போகணும். என்னென்ன வேணும்?

உப்பளத்தார்: முதல்ல உங்க செக்ரட்டரி வழியா அங்கே சொல்லி வைங்க. சம்மன்ஸைப் (கூட்ட அழைப்பை) பாருங்க, அன்னிக்கு மூணாம் டிகிரி சடங்குன்னா உங்களை உட்கார விடமாட்டாங்க. சந்தா ரசீது, உங்க டிகிரிக்கான ஏப்ரன் (சடங்குல இடுப்புல கட்டுறது), வெள்ளைக் கையுறை எடுத்துக்குங்க. உங்களைத் தெரிஞ்சவர் இல்லேன்னா வெளியிலேயே கேள்வி கேட்டுச் சோதிப்பாங்க. அதுக்கு நேரம் பிடிக்கும், அரைமணி முன்னாடியே போங்க. கடைசி நிமிஷத்துல ஓடுறவங்க மாட்டுறது இங்கதான்.

வெள்ளைநகர்: பாண்டிக்காரங்களுக்கு ஒண்ணு: பிரான்ஸ் சொந்தக்காரர் கிராண்ட் ஓரியன்ட் (அங்கே இருக்குற ஒரு ஃப்ரீமேசன் தலைமை அமைப்பு) லாட்ஜுக்குக் கூப்பிட்டா போகாதீங்க. 1877ல கடவுள் நம்பிக்கை நிபந்தனையை எடுத்துட்டாங்க, நம்ம பக்கம் அங்கீகாரம் கிடையாது.

கெடிலக்கரை: சாப்பாடு?

உப்பளத்தார்: வர்றதை முன்னாடியே சொல்லிடுங்க, காசும் கட்டிடுங்க. சாப்பாட்டுல விருந்தாளிகளை வாழ்த்திச் சொல்ற டோஸ்ட்டுக்குப் பதில் பேசச் சொன்னா ரெண்டு நிமிஷம் போதும். சடங்கு வசனம் உங்க லாட்ஜ்ல மாதிரி இல்லேன்னாலும் திருத்தப் போகாதீங்க, ப்ளீஸ்.