யூஸ்நெட்டைக் கெடுத்தது புதியவர்களா?

மணி_மதுரை:
இப்போதைய இணையக் குழுக்களில் நடக்கும் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம், தலைப்பு வாரியான குழுக்களில் எழுதிப் பேசிக்கொண்ட அந்தக் கால யூஸ்நெட் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் படித்தபோது அதிலேயே கிடந்தேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்களுக்குக் கணக்கு கிடைக்கும். வாய்க்கு வந்ததை எழுதுவார்கள். பழையவர்கள் அதட்டிச் சொல்லிக்கொடுக்க, கொஞ்ச நாளில் அடங்கிவிடும். 1993-க்கு அப்புறம் ஏஓஎல் போன்ற, காசு வாங்கி இணைப்பு தரும் நிறுவனங்கள் வழியாகக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. அத்தோடு போச்சு.

செல்வி_கோவை:
மணி சார், இந்தியாவில் பொதுமக்களுக்கு அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இணையம் கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். உங்கள் கணக்குப்படி நாங்கள் உள்ளே வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. வாசலைச் சாத்தி வைத்திருந்ததால் வந்த அமைதியை ஒழுக்கம் என்று நான் ஏற்க மாட்டேன்.

மணி_மதுரை:
வாசல் விஷயம் சரி. உள்ளே இருந்த சுதந்திரத்தையும் பாருங்கள். லைக் கிடையாது, எதை மேலே காட்டுவது என்று தீர்மானிக்கும் கம்பெனி கிடையாது. டிஆர்என் என்ற, யூஸ்நெட் படிக்கும் மென்பொருளில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிப் படிப்போம். தலைப்பு பிடிக்கவில்லையா, பெரிய ‘கே’யை அழுத்தினால் கில் ஃபைல் என்ற நம் சொந்த விலக்குப் பட்டியலுக்குப் போய்விடும், மறுநாளும் கண்ணில் படாது. 1991 ஆகஸ்ட் 25-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் (பின்னால் லினக்ஸ் ஆனது) எழுதுவதாக, மினிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்துக்கான குழுவில் சொன்னார். யாரென்றே தெரியாத பையன். ஆனாலும் உட்கார்ந்து பதில் எழுதினார்கள்!

செல்வி_கோவை:
கில் ஃபைல் உங்கள் கண்ணைத்தான் மூடும். ஒரு பெண்ணைப் பற்றி ஒருவன் அசிங்கமாக எழுதினால் அவள் படிக்காமல் இருக்கலாம், ஊரே படிக்குமே? யாரிடம் போய் முறையிடுவது?

கணேஷ்_ஈரோடு:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1994 ஏப்ரலில் கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் கொட்டியது விவரம் தெரியாத மாணவர்கள் இல்லை. கேன்டர், சீகல் என்ற அரிசோனா வக்கீல் தம்பதி. பதிவை அழிக்கும் ‘கேன்சல்’ செய்தியைக்கூட அடுத்தவர் பெயரில் போலியாக அனுப்ப முடிந்தது. அதை வைத்து விளம்பரத்தையும் அழித்தார்கள், பிடிக்காதவர் எழுதியதையும் அழித்தார்கள்.

மணி_மதுரை:
முறையிட வழி இருந்தது, செல்வி. எழுதியவனின் பல்கலைக்கழக சிஸ்டம் நிர்வாகிக்கு மின்னஞ்சல் போடுவோம். அவர் கூப்பிட்டு எச்சரிப்பார். மீறினால் கணக்கே போய்விடும்.

செல்வி_கோவை:
அப்படியானால் கட்டுப்படுத்தியது உங்கள் அதட்டலோ கில் ஃபைலோ இல்லையே சார். ஒவ்வொரு கணக்குக்குப் பின்னாலும் பதில் சொல்ல ஒரு நிர்வாகி இருந்தார். காசு கட்டினால் கணக்கு என்று ஆனபோது அந்த ஏற்பாட்டைக் கூடவே கொண்டுவந்திருக்க வேண்டும். வந்த ஜனங்களைக் குறை சொல்லாதீர்கள்.