மடிக்கு வராத நாட்கள்

பாளையங்கோட்டை மகள், டொராண்டோ:

ஒன்றரை ஆண்டு ஆகியும் ஒரு சாயங்காலம் என்னை விட்டு அகலவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தத்தெடுப்புக்கான மத்திய ஆணையமான காரா, அது தரும் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி., தத்து உத்தரவுக்கு முந்தைய வளர்ப்புக் காலம் ஆகியவற்றையெல்லாம், தத்தெடுத்தவர்களும் அவர்கள் வீட்டாருமாக இருக்கும் இந்தக் குழுவில் நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் இருவரும் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் கனடாக் குடிமக்கள். மகள் ஜார்க்கண்டில் ஒரு தத்து மையத்தில் இருந்தாள். என்.ஓ.சி. கிடைத்ததும், தத்து உத்தரவு வரும்வரை குழந்தையை இந்தியாவுக்குள்ளேயே வைத்திருப்போம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு, 13 மாதக் குழந்தையோடு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினோம். ஆட்சியர் உத்தரவு, பாஸ்போர்ட், விசா என்று எல்லாம் முடிய ஐந்து மாதம் பிடித்தது. கணவர் மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் அம்மா வீட்டில் நானும் அவளும்தான்.

அவள் அழவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ‘என்ன சமத்துப் பிள்ளை’ என்றார்கள். எனக்கோ அந்தச் சமத்து வயிற்றைப் பிசைந்தது. இரவு இரண்டு மணிக்கு நான் விழித்துப் பார்த்தால், அவள் சத்தமே இல்லாமல் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பாள். எப்போது விழித்தாள் என்று தெரியாது. கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்னும் எண்ணமே அவளுக்கு இல்லை. ஊட்டினால், போதும் என்று முகத்தைத் திருப்பத் தெரியாது. கரண்டி நிற்கும்வரை வாய் திறந்துகொண்டே இருக்கும். தூக்கினால் இடுப்பில் கால் போட்டுப் பற்றிக்கொள்ளவும் மாட்டாள். அரிசி மூட்டை போலத் தொங்குவாள்.

26ஆம் நாள் மாலை, அம்மா பட்டாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துப் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குழந்தை அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்த்து, “மா” என்றாள். அதுவரை அவள் யாரையும் பார்த்து எதுவும் சொன்னதில்லை. நான் எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாமல், அவளை அந்த மடியிலிருந்து வெடுக்கென்று தூக்கிவிட்டேன்.

அவள் அழுதிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. அழவில்லை. என் கையில் விறைத்துப்போய் இருந்தாள். இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கித் திறந்திருந்தன. வலது கட்டைவிரலின் அடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

இப்படி ஒரு பொழுது உங்களில் யாருக்காவது உண்டா? அறிவுரை வேண்டாம், உண்டா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

தென்காசிக்காரன், துபாய்:

உண்டு தங்கச்சி, ஆனால் எனக்கு அது வேறு விதமாக வாய்த்தது. அமீரகம், நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்குரிய ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு என்பதால் எங்கள் கோப்பு இந்தியத் தூதரகம் வழியாகப் போயிற்று. அந்த அலைச்சலை விட்டுவிடுகிறேன். மகனை எங்களிடம் ஒப்படைத்தபோது அவனுக்கு 9 மாதம். பிறந்த சில நாட்களிலிருந்து அவனை வளர்த்த ஆயா ஒருவர் அங்கே இருந்தார். கையெழுத்தெல்லாம் முடிந்ததும் அவனை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, மூலையில் இருந்த தொட்டியருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு பால் புட்டியைக் கழுவத் தொடங்கினார். அது ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த புட்டி. நாங்கள் படியிறங்கும்வரை குழாய்ச் சத்தம் நிற்கவில்லை. என் நினைப்பெல்லாம் மூன்று மணி விமானத்தில் இருந்தது. அவர் பெயரை நான் கேட்கவில்லை.

தென்காசியில் அண்ணன் வீட்டு மாடியில் ஆறு இரவுகள் அவன் வாசலைப் பார்த்தே அழுதான். யாரைத் தேடுகிறான் என்று எங்களுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. மைனி சுக்கு வெந்நீர் போட்டுப் போட்டுக் கொண்டுவந்து தர, வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்திருக்கிறேன். அழாத பிள்ளையைப் பார்த்துப் பயந்ததாக நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, உண்மையைச் சொல்வதானால், எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஏழாம் நாள் அழுகை நின்றது. பழகிவிட்டான் என்று மகிழ்ந்தோம்.

உங்களில் யாராவது அந்த ஆயாக்களின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறீர்களா?

அம்பாசமுத்திரத்துச் செவிலி:

குழந்தைகள் வார்டில் 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் தம்பி மகள் ஜெர்மனியிலிருந்து வந்து, தத்தெடுத்த இரண்டு வயதுக் குழந்தையுடன் என் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தாள். ஒரு நாள் அந்தக் குழந்தை முற்றத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு எழுந்து, அருகில் நின்ற அவளைத் தாண்டி ஓடி, மீட்டர் கணக்கெடுக்க வந்த மின்வாரிய ஊழியரின் காலைக் கட்டிக்கொண்டது. அவள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் அனுபவம் இவ்வளவுதான். இனிச் சொல்வதைத் தங்கச்சி வேண்டாம் என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தென்காசித் தம்பி, ஏழாம் நாள் அழுகை நின்றதைப் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒப்பமாட்டேன். வளர்த்தவரைப் பிரிந்த சிறு குழந்தை முதலில் அழுது போராடும். அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்கும். அதற்குப் பின் யார் வந்தாலும் யார் போனாலும் ஒன்றுதான் என்பது போல விலகி நிற்கும். குழந்தை மனத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் லண்டன் மருத்துவமனைகளில் பெற்றோரைப் பார்க்காமல் கிடந்த குழந்தைகளைக் கவனித்துச் சொன்ன வரிசை இது. எங்கள் வார்டிலும் நான் நேரில் கண்டது. இரண்டாம் நிலையைத்தான் நம் வீடுகளில் ‘சமத்து’ என்கிறோம். உங்கள் மகன் அழுத ஆறு நாட்கள் நல்ல நாட்கள். அவனுக்கு ஏற்கெனவே ஒருவரிடம் பாசம் வைக்கத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்த அழுகையே சாட்சி. பாளையங்கோட்டைத் தங்கச்சியின் மகளுக்கு அழுதால் ஆள் வரும் என்ற பாடமே கிடைத்திருக்கவில்லை.

ஆகவே முதல் சில வாரங்களுக்காவது ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உறங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது ஆகிய நான்கையும் தாயும் தந்தையும் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது. ஆச்சியும் சித்தியும் பக்கத்தில் இருந்து விளையாட்டுக் காட்டட்டும். பசியையும் வலியையும் மட்டும் பெற்றோருக்கு விட்டுவிடட்டும். மையத்திலிருந்து வந்த துணியைத் துவைத்துவிடாதீர்கள். அந்த வாடைதான் குழந்தைக்குத் தெரிந்த ஒரே ஊர். வந்த மறுவாரமே பால் மாவையும் சோற்றையும் மாற்றாதீர்கள். இரவில் அழாவிட்டாலும், விழித்திருப்பது தெரிந்தால் உடனே அருகில் போய் முகத்தைக் காட்டுங்கள். கேட்காமலே ஆள் வருகிறது என்று பத்துத் தடவை தெரிந்தால்தான் பதினோராம் தடவை கேட்கத் தோன்றும். பங்குனி உத்திரம் வருகிறதே என்று சாஸ்தா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், நூறு பேர் நடுவில் மொட்டை போட்டு, மூன்று மாதத்துக்கு முன் முகமே தெரியாத தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தாதீர்கள். சாஸ்தா எங்கும் போய்விட மாட்டார். அடுத்த பங்குனியிலும் அங்கேதான் இருப்பார். இன்னொன்று: குழந்தை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே போவதைக் கண்டு பெருமைப்படாதீர்கள். எல்லோரிடமும் போகும் குழந்தைக்கு இன்னும் யாரும் சொந்தமாகவில்லை என்று பொருள்.

தங்கச்சி, நீங்கள் தூக்கியது தவறில்லை. தூக்கிய விதம்தான் தவறு.

வண்ணார்பேட்டைத் தமிழாசிரியை (ஓய்வு):

செவிலி அம்மாவின் நான்கு கட்டளைகளையும் என் மகள் மெல்பர்னிலிருந்தே அச்சடித்துக் கொண்டுவந்து எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். ஆகவே அந்தத் தாள் யாருக்காக ஒட்டப்பட்டதோ அவள் என்ற முறையில் நான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பேரன் வந்தபோது அவனுக்கு 11 மாதம். ஆறு வாரத்துக்கு நான் அவனைத் தூக்கக் கூடாது. கண்ணேறு படாமல் இருக்கட்டும் என்று மணிக்கட்டில் வசம்பு கட்டினேன். வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று அன்றே கழற்றிவிட்டாள். வசம்புக்கு நம் பக்கத்தில் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர். பிள்ளை வளர்ப்பானுக்கே இடமில்லாத வீட்டில் ஆச்சிக்கு என்ன இடம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் வாரம் ஒரு மத்தியானம், மகள் குளிக்கப் போயிருந்தாள்; மருமகன் ஏதோ சான்றிதழ் வாங்குவதற்காகக் கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். அறைக்குள் பாயில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டு முனகினான். நான் நிலைப்படிவரை போனேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து, முந்தானையால் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். முனகலை நிறுத்திவிட்டு, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் செய்யவில்லை. சற்று நேரத்தில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். குளியலறைக் கதவு திறக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கலாம். 36 ஆண்டு பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அடித்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அவற்றில் எதுவும் இவ்வளவு உறுத்தியதில்லை.

செவிலி அம்மா, உங்கள் வரிசையை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘வேறு யாரும் செய்யக் கூடாது’ என்ற சொல்லை ஒரு வீட்டுக்குள் போடும்போது, அந்தச் சொல் குழந்தையின் கண்ணுக்கும் தெரிகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. பாளையங்கோட்டை மகளே, உன் அம்மா ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று நீ யோசித்திருப்பாய். அவர்களுக்குத் தன் கை பொல்லாதது என்று அந்த நிமிடம் தோன்றியிருக்கும். அதை மட்டும் ஒரு நாள் அவர்களிடம் பேசிவிடு.

சேரன்மகாதேவி, டெக்சஸ்:

எல்லோரும் பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்த கதையைச் சொல்கிறீர்கள். எங்களுக்கு நேர் எதிர். பிள்ளையின் ஊரில் நாங்கள்தான் அந்நியர். கொலம்பியாவில் பொகோட்டா நகரம். 2,600 மீட்டர் உயரம், எப்போதும் தூறலும் குளிரும். மகனுக்கு 20 மாதம்; இதயத்தில் குறை இருந்ததால்தான் அவ்வளவு சின்னப் பிள்ளையை வெளிநாட்டாருக்குத் தந்தார்கள். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பும் விசாவும் வரும்வரை ஒரு விடுதி அறையில் ஐந்து வாரம் இருந்தோம். எங்கள் இருவருக்கும் ஸ்பானிய மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது.

கிண்ணத்தில் கஞ்சி காலியானதும் அவன் என் கையைப் பார்த்து “மாஸ்” என்பான். அம்மாவைத்தான், அதாவது தன்னை வளர்த்த அம்மாவைத்தான் கேட்கிறான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். கேட்டவுடன் எனக்கு நெஞ்சை அடைக்கும். கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்குப் போய், பேருந்து பார், நாய் பார் என்று தமிழில் பராக்குக் காட்டுவேன். அவன் என் தோளுக்கு மேலாகக் கிண்ணத்தையே பார்ப்பான். இரண்டு நாள், வேளைக்கு வேளை இப்படி நடந்தது. மூன்றாம் நாள் விடுதியில் சமைக்கும் அம்மாள் கண்டுவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கிண்ணத்தை எடுத்து அதில் இன்னொரு கரண்டி ஊற்றினார். அவர்கள் மொழியில் ‘இன்னும்’ என்பதற்கு அதுதான் சொல். பிள்ளை பசிக்குக் கேட்டிருக்கிறான்.

பாசம் பற்றிய எந்தப் படிப்பும் எனக்கு இல்லை. பழகும் முன்பு பத்துச் சொல்லாவது கற்றுக்கொண்டு போயிருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது. இன்றும் எங்கள் வீட்டில் இட்லி கேட்டாலும் ‘மாஸ்’தான், அவன் சொல்லும்போது மனைவி சிரிப்பாள், நான் எழுந்து போய் எடுத்து வருவேன்.

பாளையங்கோட்டை மகள், டொராண்டோ:

ஆசிரியை அம்மா, நேற்று இரவு அம்மாவுக்குப் பேசினேன். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டவில்லை. அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். “நான் அன்னைக்கே மறந்துட்டேன்ளா” என்றார்கள். மறக்கவில்லை என்று குரலில் தெரிந்தது.

அண்ணாச்சி, ஆயாவின் பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். அன்றைக்கு மறுவாரம் நான் மையத்துக்கு அழைத்து, குழந்தையைத் தூங்க வைக்கப் பாடிய பாட்டை அங்கே அவளை வளர்த்த ஆயா பாடிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பினார்கள். சாத்ரி மொழிப் பாட்டு. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. பின்னணியில் பாத்திரச் சத்தமும் வேறு குழந்தைகளின் குரலும் கேட்டன. பாயில் அவள் பக்கத்தில் கைபேசியை வைத்துப் போட்டேன். முதலில் அசையாமல் கேட்டாள். பிறகு தவழ்ந்து வந்து கைபேசியைத் தூக்கி, அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்; மறுபடி பின்பக்கம். அப்புறம் பாயைத் தூக்கி அடியில் பார்த்தாள். அதற்குப் பின் அவள் வாய் திறந்தது. சத்தம் வரச் சற்று நேரம் ஆயிற்று. வந்தபோது என் ரவிக்கைத் தோளை இரண்டு கையாலும் பற்றி, முகத்தை என் கழுத்தில் வைத்து அழுதாள். இடுப்பைச் சுற்றிக் கால் போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் இருக்கும். அம்மா நிலைப்படிவரை வந்தார்கள், உள்ளே வரவில்லை.

அந்தப் பதிவை நான் இரண்டாம் முறை போடவில்லை, அழிக்கவும் இல்லை. பாட்டு முடிந்ததும் ஆயா தன் பெயரைச் சொல்லியிருக்கிறார்.